கம்பி வந்தால் வண்டி வந்துவிடுமா?

கேள்வி: சென்னையில் கடற்கரை–தாம்பரம் ஓடுவதைப் போல ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே அரை மணிக்கு ஒரு மின்சார ரயில் விட்டால் என்ன? புதிய பாம்பன் பாலமும் வந்துவிட்டது. அடுத்து வந்தே பாரத் வரும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் மக்கள் பிரதிநிதிகள் தூங்குகிறார்களா?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: தூங்கவில்லை. நீங்கள் ஆசைப்படுவதைத்தான் அவர்களும் மேடைதோறும் சொல்கிறார்கள்: மின்சாரம், புதுப் பாலம், வந்தே பாரத். மூன்றும் கைக்கு வந்த பிறகும், காலை ஒன்பதரைக்குள் ராமநாதபுரம் போய்ச் சேர உங்களுக்கு வண்டி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதுதான் சிக்கல்.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1931-லேயே மின்சார வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம் என்ற தைரியம் மேலே போகிற மின்கம்பியால் வந்ததல்ல, கீழே கிடக்கிற தண்டவாளத்தால் வந்தது. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை புறநகர் வண்டிகளுக்கென்றே போக ஒரு பாதை, வர ஒரு பாதை இருக்கிறது. வெளியூர் வண்டிகள் பக்கத்துப் பாதையில் போகின்றன. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேல் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தியே வைத்தார்கள். மேம்பாடு என்றால் அது. பெட்டிக்குப் புதுச் சாயம் அடிப்பதில்லை.

உங்கள் ஊர் வழியாகப் போவது ஒற்றைத் தண்டவாளம். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரே வருவது எங்கே ஒதுங்க முடியுமோ அங்கே கிராசிங். ஒரு கிராசிங் நிலையத்திலிருந்து அடுத்ததற்கு 25 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். போகிற வண்டிக்கு 25, வருகிற வண்டிக்கு 25, நடுவில் சிக்னல் மாற்றச் சில நிமிடங்கள். ஒரு ஜோடி கடக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விடும். இதற்குள் சென்னை எக்ஸ்பிரஸ்களையும் நுழைக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு வண்டி என்ற கணக்கு எங்கிருந்து வரும்? டீசலோ மின்சாரமோ, இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. வண்டி நிற்கும் ஹால்ட் எத்தனை இருந்தாலும் பயனில்லை. வண்டி ஒதுங்குவதற்கு லூப், அதாவது பக்கத்தில் பிரிந்து மறுபடி சேரும் பாதை, வேண்டும்.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெமு எனும் குறுந்தூர மின்சார வண்டி சட்டென்று வேகம் பிடிக்கும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் ராமேஸ்வரத்தில் இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலை மிச்சம். ஆனால் கம்பி கட்டியதும் எக்ஸ்பிரஸ்ஸின் டீசல் இன்ஜினைக் கழற்றி மின்சார இன்ஜினை மாட்டிவிட்டு, மின்மயம் முடிந்தது என்று ரிப்பன் வெட்டிவிடலாம். உச்சிப்புளிக்கு ஒரு வண்டிகூடக் கூடியிருக்காது.

பாலத்தையும் பார்த்துவிடுவோம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் கடைசிக் காலத்தில் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. 2022 டிசம்பரில் அதையும் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதியது திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லை. புதுப் பாலத்தில் 75 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி உண்டு, தூக்குப் பகுதியில் மட்டும் 50. இரட்டைப் பாதைக்கும் இடம்வைத்துக் கட்டியதாகச் சொல்லப்பட்ட பாலத்தில் இப்போது ஓடுவது ஒற்றைத் தண்டவாளம்தான். பாலத்தில் மிச்சமாகும் நிமிடங்களை அடுத்த கிராசிங்கில் நின்றே தொலைத்துவிடலாம்.

இந்தப் பாதையின் ஜாதகமே அப்படி. போட் மெயில் காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்களுக்கு. இன்று தீர்த்தமாட வருகிறவர்களுக்கு. இங்கேயே இருக்கிறவர்கள் ஓரமாக ஏறிக்கொள்ள வேண்டும். 1988-ல் சாலைப் பாலம் திறந்தபின் அந்த ஓரமும் பஸ்ஸுக்குப் போயிற்று. மீதியிருந்தவர்களிடமும், கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரை 'எக்ஸ்பிரஸ் சிறப்பு' என்று பெயர் மாற்றி, 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கி வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் அது மறுபடி பத்துக்கு இறங்கியது. மண்டபத்தில் மீன் எடுத்துக் கூடையில் ஐஸ் போட்டு, மேலே சாக்கை நனைத்துக் கட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கு அந்த 20 ரூபாய் சின்னக் காசு அல்ல. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று பஸ்ஸில் முகம் சுளிப்பார்கள். அவர் ரயில் கதவோரத்தில் கூடையை இறக்கி, அதன்மேல் ஒரு கையை வைத்தபடி நின்றே வருவார். மேம்பாடு பற்றி யாராவது அவரைக் கேட்டால், அகலக் கதவும் கூடை வைக்க இடமும் உள்ள பெட்டி, சந்தை நேரத்துக்கு முன் ஒரு வண்டி என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார். ரயில்வேயின் திட்ட அறிக்கைகளைவிட அது தெளிவு.

ஆகவே அடுத்த முறை ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக்கு மனு எழுதும்போது 'மின்சார ரயில்' என்று தொடங்காதீர்கள். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் கூடுதல் கிராசிங் லூப். காலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு வாங்குகிற நேரத்துக்கு வந்து சேரும் ஒரு வண்டி. மாலை ஐந்தரைக்கு மேல் ராமநாதபுரத்திலிருந்து திரும்பும் ஒரு வண்டி. கம்பி முடியாவிட்டால் டெமு எனும் டீசல் வண்டி போதும். எம்.பி. ஊருக்கு வரும்போதும் இதையே, நேரத்தைக் குறித்துக் கேளுங்கள். நேரம் போட்டுக் கேட்டால் நழுவுவது கஷ்டம்.

வந்தே பாரத்தா? வரட்டும். உச்சிப்புளியில் அது நிற்காது. ஆனால் அது கடந்து போகும்வரை உங்கள் பாசஞ்சர் எங்காவது ஒதுங்கி நிற்கும்.