தோட்டக் கேள்வி பதில்: மழை வேறு, கூதல் வேறு

கேள்வி: புரட்டாதி பிறந்தும் வெக்கை விடவில்லை. ஆடியில் கூட இவ்வளவு புழுக்கம் இருக்கவில்லை. கூதல் எப்போது வரும், எதை வைத்து விதைப்பு நாளை முடிவு செய்வது?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டு தரம்: ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். முதல் தரம் முடிந்து சில கிழமைகளில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பி உடம்பை ஆற்றிவிடும். இரண்டாம் தரம் அந்த வசதி இல்லை. சோளகம் ஓய்ந்துவிடும், வாடையோ இன்னும் தொடங்கியிருக்காது. மாதக்கணக்காய் வெயில் குடித்த நிலமும் இரவிரவாகச் சூட்டைக் கக்கும். புரட்டாதிப் புழுக்கம் அதுதான்.

ஐப்பசி நடுவில் இடிமழை, கார்த்திகையில் அடைமழை. கூதல் அதற்கும் பிறகு, மார்கழியிலும் தையிலும். முதல் மழையைக் கண்டதும் குளிர்காலம் வந்துவிட்டதென்று விதையை அள்ளிப் போடுவதுதான் வழமையான பிழை. பகல் வெப்பத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஆடிப் பகலுக்கும் தைப் பகலுக்கும் மூன்று நாலு பாகைதான் வித்தியாசம். மாறுவது இரவு. ஆனி, ஆடியில் 26, 27 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும் இரவு, தையில் 22, 23 வரை இறங்கும். வெப்பமானி ஒன்றை வீட்டின் வடக்குப் பக்கம், வெயிலும் சுவர்ச் சூடும் படாத இடத்தில் நெஞ்சுயரத்தில் தொங்கவிட்டு, விடிய ஐந்து மணிக்குப் பாருங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் 24க்குக் கீழே காட்டினால், குளிர் தேடும் பயிருக்கு நேரம் வந்துவிட்டது.

கேள்வி: ஆவணிக் கடைசியில் கரட் விதைத்தேன், பத்துக்கு ஒன்றுதான் முளைத்தது. போன வருடம் நட்ட கோவாவும் (முட்டைக்கோசு) இலை இலையாய்ப் போய்க் குருத்துச் சுற்றவில்லை. விதை பழுதா?
(வாசகர், உரும்பிராய்)

பதில்: பெரும்பாலும் விதையில் பிழை இல்லை, நாளில்தான் பிழை. நிழலில்லாத செம்மண்ணின் மேல் அங்குலம் ஆவணி மத்தியானம் கையை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் கரட் விதை முளைக்காது. முளைத்தாலும், தண்ணீர் விட்டுக் காய்ந்த செம்மண் ஓடு கட்டிவிடும். நூல் போன்ற முளை அதை முட்டி உடைக்க மாட்டாமல் உள்ளேயே மடிந்துபோகும். பாத்தியில் ஓட்டுத் துண்டொன்றைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாய் வளைந்த முளைகள் கிடந்தால் விதைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை.

நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். பங்குனி நடுவில் வெக்கை திரும்பிவிடும். கரட்டுக்கு 90 முதல் 100 நாள். ஆகவே அடைமழை ஓய்கிற கார்த்திகைக் கடைசியில், பிந்தினால் மார்கழி முதல் கிழமையில், விதை மண்ணில் இருக்க வேண்டும். அதற்கு முன்னர் போட்டால் வெள்ளம் அள்ளும், பிறகு போட்டால் கிழங்கு பருக்கும் நேரம் சூடு பிடித்து நிறம் வெளிறிக் கட்டையாய் நின்றுவிடும். மண்ணை ஒரு அடி ஆழம் கொத்திக் கல்லைப் பொறுக்குங்கள். பச்சை எரு போட்டால் கிழங்கு கவராகப் பிரியும்; மக்கிய எருவே போட வேண்டும். பத்து அங்குல இடைவெளியில் கோடிழுத்து, அரை அங்குல ஆழத்தில், பின்னேரம் விதையுங்கள். மேலே நனைத்த சாக்கு. ஆறாம் நாளிலிருந்து தினம் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் முளை சாக்கில் சிக்கும். மூன்றாம் கிழமை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றை விட்டு, மற்றதைப் பிடுங்கிக் கலையுங்கள். இந்தக் கலைப்புக்கு மனம் வராதவர் கரட் வைக்காமல் இருப்பதே நல்லது.

கோவா வேறு கதை. அதற்கு இப்போதே நாற்றுமேடை போடலாம். மூன்றடி அகலம், ஆறு அங்குல உயரம். மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் மேல்மண்ணிலுள்ள அழுகல் நோய்ப் பங்கசு பெரும்பகுதி போய்விடும். கிடுகுப் பந்தலைக் கிழக்குப் பக்கம் மூன்றடி, மேற்குப் பக்கம் இரண்டடி உயரத்தில் சரித்துப் போடுங்கள். காலை வெயில் உள்ளே வரும், பின்னேர வெயில் வராது. தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றி மேடை இரவு முழுக்க ஈரமாயிருந்தால் நாற்று மண்மட்டத்தில் கறுத்து மெலிந்து சாயும். இரண்டாம் கிழமையிலிருந்து கிடுகைக் கொஞ்சம் கொஞ்சமாய் விலக்குங்கள், இல்லாவிட்டால் நெட்டையாய் ஓடிவிடும். 25 நாளில் நடலாம். போன வருடம் நீங்கள் வைத்தது மலைநாட்டுக் குளிருக்கான வகையாக இருந்திருக்கும். கே.கே. குறொஸ் போல வெக்கை தாங்கும் கலப்பின விதை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தக்காளி செழிப்பாய் நிற்கிறது, பூவெல்லாம் கொட்டுகிறது. யூரியா இன்னும் போடவா?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: போடாதீர்கள். செழிப்பு ஏற்கனவே கூடிவிட்டது. விழுந்த பூவொன்றை எடுத்துக் காம்பைப் பாருங்கள்: காம்பு நடுவில் சிறிய முழங்கால் போல ஒரு மூட்டு இருக்கும். அந்த இடத்தில் மஞ்சளாகிச் சுத்தமாய்க் கழன்றிருந்தால் அது வெக்கை வேலை. இரவு சூடாயிருந்தால் மகரந்தம் பழுதாகி, கருக்கட்டாத பூவைச் செடியே கழற்றிவிடும். பூவில் துளையிருந்தால் புழு. வெக்கைக்கு மருந்தில்லை. மேற்குப் பக்கம் கிடுகு மறைப்பு, அடியில் வைக்கோல் மூடாக்கு, ஒழுங்கான தண்ணீர் கொடுத்துச் செடியைக் காப்பாற்றி வையுங்கள். இரவு குளிரத் தொடங்கியதும் அதே செடி காய்க்கும்.

கேள்வி: மழைக்கு முன் கிணறு சவர்க்கிறது. அந்தத் தண்ணீரை நாற்றுக்கு விடலாமா?
(வாசகர், அராலி)

பதில்: எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டரை ஒரேயடியாய் ஓடவிட்டால் மேல்நீர் வற்றி, கீழிருந்து உப்பு எழும்பும். காலை அரை மணி, மாலை அரை மணி என்று பிரித்து இறையுங்கள். உறிஞ்சு குழாயின் நுனியைக் கிணற்றடியில் வைக்காமல் உயர்த்திக் கட்டுங்கள். பீற்றூட் ஓரளவு சவர் தாங்கும். கரட், போஞ்சி, வெங்காயம் தாங்காது. பாத்தி வரம்பில் வெள்ளை பூத்திருந்தால் இரண்டு மூன்று நல்ல மழை கழுவும்வரை அங்கே கரட் வேண்டாம்.

கேள்வி: உருளைக்கிழங்கை ஐப்பசியிலேயே நடலாமா?
(வாசகர், இணுவில்)

பதில்: வேண்டாம். சூடான ஈர மண்ணில் விதைக்கிழங்கு அழுகும், வெட்டி நட்டால் இன்னும் கெதியாய் அழுகும். இரவு சூடாயிருக்கும்வரை கொடிதான் ஓடும், கிழங்கு இறங்காது. கார்த்திகைக் கடைசியில் முளைவிட்ட முழுக்கிழங்கை, இரண்டடி வரிசையில் பத்து அங்குலத்துக்கு ஒன்றாக நடுங்கள். நாலாம் கிழமை மண் அணையுங்கள்.

கேள்வி: பனங்கொட்டை புதைத்த பனம்பாத்தியில் போன முறை பாதிக் கிழங்கு வளைந்தும் பாதி அழுகியும் வந்தது. கிழங்கைப் பிளந்து காயவைத்த ஒடியலும் பூஞ்சணம் பிடித்தது.
(வாசகி, பளை)

பதில்: கிழங்கு கொட்டைக்குக் கீழே நேராய் இறங்கும் சாமான். அடியில் இறுகிய தரை முட்டினால் வளையும். அதனால் பாத்தியை மணற்பாங்கான இளகிய மண்ணால் இரண்டு, இரண்டரை அடி உயர்த்துங்கள். கொட்டையை மேலே நெருக்கமாய் அடுக்கி, இரண்டு அங்குல மண் போட்டு மூடுங்கள். இதைப் புரட்டாதிக்குள் முடித்தால் ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அழுகியது வெள்ளம் நின்ற பக்கமாயிருக்கும். பாத்தியைச் சுற்றி வடிகால் வெட்டுங்கள். பூரான் (கொட்டைக்குள் திரளும் வெண்பருப்பு) வேண்டுமென்றால் முளைத்த கொட்டையைக் கிழங்கு முற்ற முதல் எடுத்துப் பிளக்க வேண்டும், ஆனால் ஆசைக்கு அளவிருக்கட்டும், எடுத்த இடத்தில் கிழங்கு இல்லை.

தை நடுவில் மூலையில் ஒன்றைக் கிண்டிப் பாருங்கள். தோல் உரிபட்டு, முறித்தால் மாவாய் உடைந்தால் பதம்; நாராய் இழுத்தால் பிந்திவிட்டீர்கள். மார்கழி ஈரக் காற்றில் கிண்டியிருந்தால் அதுதான் உங்கள் ஒடியலுக்குப் பூஞ்சணம் வரக் காரணம். அவித்துத் தின்ன மார்கழிக் கடைசியிலும் கிண்டலாம். ஒடியலுக்குத் தைக் கடைசியிலும் மாசியிலும் கிண்டுங்கள். தோல் நீக்கி நெடுக்காய் இரண்டாகப் பிளந்து, வெயிலில் பரப்பி, பனி விழமுன் பொழுதுபட அள்ளி உள்ளே எடுத்து வையுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் கட்டைச் சத்தம் கேட்கும்வரை போத்தலில் அடைக்க வேண்டாம்.