அசையாமல் கிடக்கும் பாம்பு: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் செம்பனைத் தோட்டத்துப் பாம்புகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில். முதல் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் அதற்குத்தான் அதிக இடம்.

கேள்வி: அண்ணே, என் மகனுக்கு வயது 19. அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பைக் கூட்டமாகப் போய் வேட்டையாடும் காணொளிகளை ராத்திரி பகலாகப் பார்க்கிறான். இப்போது கூட்டாளிகளோடு மலையடிவாரத்தில் விஷப்பாம்பு பிடிக்கப் போகிறேன் என்று கொக்கி, இடுக்கி எல்லாம் இணையத்தில் வாங்கிவிட்டான். திட்டினாலும் கேட்பதாயில்லை. என்ன சொல்லித் தடுப்பது? (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

பதில்: தம்பி, அவனைத் திட்டாதீர்கள். அந்த வயதில் நானும் போனவன்தான். இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுங்கள், நான் அவனோடு பேசிக்கொள்கிறேன்.

மகனே, நீ பார்ப்பது டெக்சஸ் மாநிலத்தில் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரில் நடக்கும் விழாவாக இருக்க வேண்டும். 1958இல் தொடங்கியது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடக்கிறது. மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குப் பாம்புத் தொல்லை குறையட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு ஊருக்கே பெரிய திருவிழாவாகிவிட்டது. காணொளியில் இடுக்கியும் தொப்பியும் தெரியும். பெட்ரோலைக் காட்டினார்களா? குளிர்காலத்தில் அந்தப் பாம்புகள் பாறை இடுக்குகளில் ஒன்றோடு ஒன்றாக ஒடுங்கிக் கிடக்கும். அந்தப் பொந்துக்குள் நீளமான குழாயைச் செருகி பெட்ரோல் ஆவியை அடிப்பார்கள். மூச்சு முட்டி வெளியே தள்ளாடி வருவதைத்தான் இடுக்கியால் எடுக்கிறார்கள். அதே பொந்தில் ஒண்டியிருக்கும் தவளை, பல்லி, ஆமைக்கும் அந்த ஆவிதான். இதில் என்ன வீரம் இருக்கிறது, சொல்லு.

அந்தப் பாம்பின் வால் நுனியில் இருக்கும் வளையங்கள், தோல் உரிக்கும்போதெல்லாம் ஒன்று ஒன்றாகக் கூடுகிறவை. நொடிக்கு 50 தடவைக்கு மேல் வாலை ஆட்டி ‘கிட்டே வராதே’ என்று சொல்கிற பாம்பு அது. சொல்லிவிட்டுக் கடிக்கிற பாம்பைத் தேடிப் போய்க் கொல்கிறோம். அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகளில் இருக்கும் ஒரு வகையில், பெண் பாம்பு முதல் தடவை குட்டி போடவே ஏழெட்டு வருஷம் ஆகும். அப்புறமும் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறைதான். தலைமுறை தலைமுறையாக ஒரே பொந்துக்குத்தான் திரும்பி வரும். அப்படிப்பட்ட ஒரு பொந்தை ஒரே நாளில் காலி செய்தால் அந்த மலை எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும், நீயே கணக்குப் போடு. ஜார்ஜியாவில் கிளாக்ஸ்டன் என்ற ஊர்க்காரர்கள் 2012இல் வேட்டையை விட்டுவிட்டார்கள். விழாவை நிறுத்தவில்லை, பாம்பைக் கொல்லாமல் காட்டுகிற விழாவாக மாற்றிக்கொண்டார்கள். கூட்டம் இன்னும் வருகிறது.

சரி, நம் மலேசியாவுக்கு வருவோம். கிலுகிலுப்பைப் பாம்பு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. அதன் பங்காளி ஒன்று இங்கே இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதை ‘உலார் கப்பாக் போடோ’ என்பார்கள். போடோ என்றால் முட்டாள். ஆள் பக்கத்தில் வந்தாலும் ஓடாது, சீறாது, கிடந்த இடத்தில் கிடக்கும், அதனால் அந்தப் பேர். முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒன்றரை மடங்கு நீளம்தான் இருக்கும். முதுகில் இரண்டு பக்கமும் கரும்பழுப்பில் முக்கோணம் முக்கோணமாக வரி. காய்ந்த ரப்பர் இலை மேல் சுருண்டிருந்தால் என் கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் ஒரு குழி, அதில்தான் எலியின் உடம்புச் சூட்டை அது உணரும். உன் கைச் சூட்டையும் உணரும்.

1975இல் எனக்கு வயது 20. கெடா எல்லையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் அப்பா பால்மரம் சீவினார். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, அவர் தலையில் கட்டிப் போகிற கார்பைட் விளக்கை, முந்தின ராத்திரி நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். டவுனில் இருந்து ஒரு வியாபாரி வாரம் ஒரு தரம் லாரியில் வருவார். மலைப்பாம்பு, கருநாகம், எது கொடுத்தாலும் எடை போட்டுக் காசு. இரண்டு வருஷம் அப்படிப் பிடித்தேன். மழை விட்ட ராத்திரிதான் நல்ல வேட்டை. கோணிச் சாக்கின் வாயில் கம்பி வளையம் தைத்து, பாம்பு தானாக இருட்டுக்குள் நுழையும்படி வைப்பேன். அந்த வேலையில் எனக்கு நல்ல கை.

ஒரு ராத்திரி பழைய கட்டை ஒன்றின் வேரடியில் கருநாகம் ஒன்று பொந்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வால் மட்டும் வெளியே. முட்டி போட்டு, இடது கையைத் தரையில் ஊன்றி, வலது கையால் வாலைப் பிடிக்கக் குனிந்தேன். விளக்கு, கண், மூச்சு எல்லாம் அந்த வாலில்தான். இடது கையை எங்கே ஊன்றினேன் என்று பார்க்கவில்லை. இலைக்குள் கிடந்த கப்பாக் போடோ ஆள்காட்டி விரலில் போட்டது. நெருப்புக் கொள்ளியை வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. கருநாகம் பொந்துக்குள் போய்விட்டது. இது மட்டும் விளக்கு வெளிச்சத்தில் மறுபடி சுருட்டிக்கொண்டு, கடித்த இடத்திலேயே கிடந்தது.

அந்த விரலில் இப்போது ஒரு கணுதான் இருக்கிறது. வீட்டுக்கு வா, காட்டுகிறேன். நீ பார்க்கிற பாம்பைப் பிடிக்க உனக்குச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் காணொளி இருக்கிறது. நீ பார்க்காத பாம்பு உன் கூட்டாளியின் காலடியில் கிடக்கும், அதைச் சொல்லிக் கொடுக்க ஒருத்தரும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ராஜநாகம், மலைப்பாம்பு போன்றவற்றை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

பாம்பு பார்க்க ஆசை என்றால் அது நல்ல ஆசை. கொக்கியை வீட்டில் வைத்துவிட்டு, பூட்ஸ் போட்டு, நல்ல டார்ச் எடுத்துக்கொண்டு வா. நானே ராத்திரி கூட்டிப் போகிறேன், தூர நின்று பார்ப்போம். உன் அப்பாவையும் கூட்டி வா.

கேள்வி: ஐயா, சமையல் கட்டில் கேஸ் தோம்புக்கு (சிலிண்டருக்கு) பின்னால் கறுப்பு நாகம் ஒன்று படம் எடுத்து நின்றது. என் வீட்டுக்காரர் விளக்குமாற்றோடு போய் அடித்தார். அது தப்பித்து அலூருக்குள் (சாக்கடைக்குள்) போய்விட்டது. அவர் கண்ணில் ஏதோ தெறித்து இரண்டு நாள் சிவந்திருந்தது. இனி வந்தால் என்ன செய்வது? (ரெலாவ் வாசகி)

பதில்: அம்மா, அது துப்புகிற நாகம். கடிக்காமலேயே இரண்டு மீட்டர் தூரத்துக்கு விஷத்தைப் பீய்ச்சும், அதுவும் முகத்தைப் பார்த்து. கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, கால் மணி நேரமாவது தண்ணீர் ஓடவிட வேண்டும். கசக்கக் கூடாது. பால் ஊற்றுவது, எச்சில் தடவுவது எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். கழுவிவிட்டுக் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்குத் தானாகச் சரியாகிவிட்டது, எல்லாருக்கும் அப்படி ஆகாது.

இனி வந்தால் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள், சமையல் கட்டுக் கதவைச் சாத்தி அடியில் துணியை அடைத்துவிட்டு 999ஐ அழையுங்கள். பொம்பா, அதாவது தீயணைப்புப் படையினர் வருவார்கள், இல்லாவிட்டால் பொதுத் தற்காப்புப் படையினர் வருவார்கள். பாம்பு எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. அப்புறம் அலூரைச் சுத்தம் செய்யுங்கள். எலி வருகிற வீட்டுக்குத்தான் நாகம் வரும்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இருப்பவை ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்பது உண்மையா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: இல்லை. அவை பகலெல்லாம் கிளையில் அசையாமல் இருக்கும் இனம். காட்டிலும் அப்படித்தான், அங்கே யாரும் ஊதுபத்தி கொளுத்துவதில்லை. பச்சையும் மஞ்சளும் வரியாக, தடித்து, தலை முக்கோணமாக இருப்பது பெண். ஒல்லியாகப் பச்சையாக இருப்பது ஆண். இரண்டும் வேறு வேறு பாம்பு என்றே பலர் நினைக்கிறார்கள். இதுவும் கப்பாக் போடோ மாதிரி முகத்தில் குழி உள்ள குழிவிரியன்தான், விஷம் உண்டு. படம் பிடிக்கக் கிட்டே போய்க் கையை நீட்டாதீர்கள்.

கேள்வி: விஷப்பாம்பு பிடிப்பதையே நேர்மையான தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்களா? (பட்டர்வொர்த் கல்லூரி மாணவி)

பதில்: இருக்கிறார்கள் தங்கச்சி, அதுவும் தமிழ் பேசுகிறவர்கள். தமிழ்நாட்டில் இருளர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972இல் இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் வந்து, பிறகு தோல் ஏற்றுமதியும் தடையானதும் பிழைப்பு போயிற்று. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆய்வாளர் உதவியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசாங்க உரிமத்தோடு பிடித்து வந்து, சில வாரம் வைத்திருந்து, நான்கு தடவை விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் கோயில் யாத்திரை போனபோது மாமல்லபுரத்துப் பக்கம் அதை நேரில் பார்த்தேன். வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியிருந்தது. ஒருவர் துணியை அவிழ்த்து, பானையைச் சாய்த்து, கண்ணாடிவிரியனை மணலில் இறக்கினார். பிரஷர் குக்கர் மாதிரி சீறியது. அவர் அவசரப்படவே இல்லை. கொக்கியால் தலையை மெல்ல அழுத்தி, மூன்று விரலால் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் ஓரத்தைக் கடிக்கவிட்டார். மஞ்சளாக நாலைந்து சொட்டு இறங்கியது. என் இடது கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே விஷமில்லாத பர்மிய மலைப்பாம்பு பெருகி, காட்டையே தின்றுகொண்டிருக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பைப் பிடித்துக் கொடுத்தார்கள். தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே போன திசையைச் சொல்கிற கண் அது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தியைப் படித்த அன்று நான் என் வீட்டம்மாவைக் கூப்பிட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

கேள்வி: நம் நாட்டில் பிடிபட்ட மிக நீளமான ராஜநாகம் எது? (ஜார்ஜ் டவுன் வாசகர்)

பதில்: 1937 ஏப்ரலில் போர்ட் டிக்சன் பக்கத்தில் பிடித்தது. 5.54 மீட்டர். லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 5.71 மீட்டர் வரை வளர்ந்தது. 1939இல் போர் மூண்டதும், குண்டு விழுந்து தப்பி ஊருக்குள் போய்விடக் கூடாதென்று கொன்றுவிட்டார்கள். போர்ட் டிக்சன் இருக்கிற நம் நெகிரி செம்பிலான் காட்டில் விட்டிருந்தால் அதற்குப் போர் வந்ததே தெரிந்திருக்காது.

கேள்வி: பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டு, கீறிவிட்டு ரத்தத்தை உறிஞ்சித் துப்பு என்கிறார் பாட்டி. மருத்துவமனையிலோ அப்படி எதுவும் செய்யக் கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி? (சுங்கை பாக்காப் வாசகர்)

பதில்: மருத்துவமனையில் சொல்வதுதான். எனக்குக் கட்டு, கீறல் இரண்டையும் செய்தார்கள், அதனால் சொல்கிறேன். முதல் கேள்வியில் சொன்னேனே, அந்த ராத்திரி கூட்டாளிகள் சைக்கிள் ட்யூபைக் கிழித்து விரலடியில் இறுக்கினார்கள். ஒருவன் மரம் சீவுகிற உளியால் கடிவாயைக் கீறினான். அன்பினால்தான் செய்தார்கள். கப்பாக் போடோவின் விஷம் ரத்தத்தை உறையவிடாது. கீறின இடத்தில் இருந்து மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை, என் அம்மா கைலியைக் கிழித்துக் கிழித்துக் கட்டினார். ட்யூப் கட்டின விரல் கறுத்தது. காலையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே வெகு நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பிறகு பார்த்த டாக்டர், ‘கட்டாமல் வந்திருந்தால் விரல் நின்றிருக்கலாம்’ என்றார்.

இந்தப் பாம்பின் விஷத்தை உலகத்துக்கு விளக்கினவர்களில் முக்கியமானவர் நம் பினாங்கில் வேலை செய்தவர். ஆலிஸ்டர் ரீட் என்ற டாக்டர். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பினாங்கு பொது மருத்துவமனையில், பால்மரத் தொழிலாளிகளையும் கடற்பாம்பு கடித்த மீனவர்களையும் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார். ரத்தம் உறையாமல் போவதை அவர் கவனித்ததில் இருந்துதான், ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆர்வின் என்ற மருந்தே பிறகு வந்தது.

கடிபட்டால் மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. கை காலை ஆட்டாமல், பலகைச் சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேரே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, பச்சிலை, ஐஸ் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாம்புக்கும் மருந்து வேறு, இந்தியாவில் செய்கிற மருந்து நம் கப்பாக் போடோவுக்கு உதவாது. இங்கே வருவது பெரும்பாலும் பாங்காக்கில் குதிரை ரத்தத்தில் இருந்து செய்வது. அதனால் பாம்பு இன்னது என்று தெரிந்தால் நல்லது. தூரத்தில் இருந்து கைப்பேசியில் ஒரு படம் போதும்.

அடித்துக் கொன்று பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். 2018இல் டெக்சஸில் ஒருவர் கிலுகிலுப்பைப் பாம்பின் தலையைத் துண்டித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கையில் எடுத்தார். அறுந்த தலை கடித்தது. பிழைக்க அவருக்கு 26 டோஸ் மருந்து தேவைப்பட்டது. பாட்டியிடம் இதையும் சொல்லுங்கள், நான் அவரை விசாரித்ததாகவும் சொல்லுங்கள்.