லிஃப்ட் செய்த ஜிம்னிக்கு எந்த வீல்?

கேள்வி: வணக்கம் சார். என் மாருதி ஜிம்னி 4x4 வண்டியை உயர்த்த 2 இன்ச் லிஃப்ட் கிட் போட்டிருக்கிறேன். கீழ்க்கோத்தகிரி பக்கம் எஸ்டேட் மண் பாதையில் தினமும் ஓடுகிறது, அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருக்கும். ஒரு கடையில் 17 இன்ச் அலாய் காட்டினார்கள், 7 இன்ச் அகலம், ஆஃப்செட் மைனஸ் 20. பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. வாங்கலாமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். கம்பெனி கொடுத்த 15 இன்ச்சிலேயே இருங்கள். டயரின் மொத்த உயரம் மாறாமல் ரிம்மை மட்டும் 2 இன்ச் பெரிதாக்கினால் பக்கச்சுவர் 1 இன்ச் குறைந்துவிடும், எஸ்டேட் பாதையில் கல்லின் அடியை வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவர்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆஃப்செட், அதாவது ரிம் வண்டியோடு சேரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. மைனஸ் பக்கம் போகப் போக வீல் வெளியே வரும். கம்பெனி ரிம் 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 5. கடைக்காரர் காட்டியதைப் போட்டால் ரிம்மின் வெளி விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ.க்கு மேல் வெளியே வரும். வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், குழியில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையை உதறும், மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் சேற்றை வாரிக் கதவு முழுக்க அடிக்கும். 15 இன்ச்சில் 6 இன்ச் அகலம், ஆஃப்செட் 0 கிடைத்தால் 1 செ.மீ. சொச்சம்தான் வெளியே வரும், அது போதும். பிசிடி (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டம்) 5x139.7, சென்டர் போர் (ரிம்மின் நடு ஓட்டை) 108 மி.மீ., இந்த இரண்டையும் கடையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். போர் பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சரியாக உட்கார வைக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், லிஃப்ட் கிட் உயர்த்துவது பாடியைத்தான். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் திட ஆக்ஸில், அதாவது இரண்டு பக்க வீலையும் இணைக்கும் ஒரே அச்சு, என்பதால் அதிலுள்ள கியர் பெட்டியான டிஃப்ரென்ஷியல் தரையிலிருந்து உயர டயர்தான் பெரிதாக வேண்டும். அதனால்தான் எல்லோரும் 235/75 R15 என்ற பெரிய டயருக்குத் தாவுகிறார்கள். கம்பெனி டயர் 195/80 R15-ன் உயரம் 693 மி.மீ., பெரிய டயரின் உயரம் 733 மி.மீ., ஆக டிஃப்ரென்ஷியலுக்குக் கிடைப்பது 20 மி.மீ. ஆனால் கியர் விகிதம் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீண்டுவிடும். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஏற்றத்தில் திணறும் என்பது ஒரு பக்கம், மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பதும் அதே அளவு குறையும், மிச்சத்தை பிரேக் சுமக்கும், கனமான வீல் என்றால் இன்னும் மோசம். மலையில் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் வீல் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு 215/75 R15 போதும்.

இரும்பா அலாயா? உங்கள் ஓட்டத்துக்கு நான் இரும்பையே சொல்வேன். அடிபட்டால் வளையும், தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். வார்ப்பு அலாய் விரிசல் விட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். எதை எடுத்தாலும் ஐந்தாக வாங்குங்கள், ஸ்டெப்னி உயரம் மாறினால் அதை மாட்டிக்கொண்டு 4H (நான்கு வீலும் இழுக்கும் நிலை) போடும்போது கியர்பாக்ஸ் பக்கம் இறுக்கம் விழும். நட்டும் அந்த ரிம்முக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மாட்டிய பின் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

அப்புறம், லிஃப்ட் செய்ததும் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் கம்பியான பன்ஹார்ட் ராடைச் சரிசெய்து நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே வீல் மாட்டிப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, லிஃப்டும் அந்தக் கேள்விக்குள் வரும். ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ரிம்மிலேயே ஸ்பேசர் போட்டால் சேற்றில் பிடிப்பு கூடுமா?
- ஒரு வாசகர், பூம்பாறை

பதில்: இல்லை, பிடிப்பு அதிகமாகாது. ஸ்பேசர் என்பது ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தட்டு, அது டயரை அகலமாக்காது, வெளியே தள்ளி வைக்கும், அவ்வளவுதான். சேற்றுக்கு நல்ல மட் டயர் போடுங்கள், காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், தார் ரோடு ஏறுவதற்கு முன் மறுபடி ஏற்ற ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும்.