அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் ஃபுட்பால் அணி 2003-இல் 13 ஆட்டமும் தோற்றது ஏன்?

ஆட்டமுறையை மாற்றியதுதான் பெரிய காரணம். அமெரிக்கன் ஃபுட்பாலில் முன்வரிசையில் நின்று எதிரணியை மோதித் தடுக்கும் லைன்மேனுக்கு எடை வேண்டும். ராணுவ உடல்தகுதி விதி, படிப்பு முடிந்ததும் 5 வருடக் கட்டாயப் பணி என்றிருக்கும் இடத்துக்கு 140 கிலோ ஆட்கள் அரிதாகத்தான் வருவார்கள்.

அந்தக் குறையை மறைப்பது டிரிப்பிள் ஆப்ஷன் என்ற, பந்தோடு ஓடும் ஆட்டமுறை. எதிரணித் தற்காப்பு வீரர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் ஃபுல்பேக் (நடுவே பந்தோடு ஓடும் வீரர்) மேல் பாய்ந்தால், ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பந்தைக் கொடுக்காமல் தானே ஓடுவார். அடுத்த தற்காப்பு வீரர் குறுக்கே வந்தால் பக்கத்தில் ஓடிவருபவரிடம் தள்ளிவிடுவார். மோதாமலே எதிரணியில் இருவர் கழிந்தார்கள்!

2000-இல் பயிற்சியாளரான டாட் பெர்ரி இதை விட்டு, பந்தை முன்னோக்கி வீசும் பாஸ் ஆட்டத்துக்குப் போனார். அதற்கு, குவாட்டர்பேக் வீசும்வரை லைன்மேன் வரிசை சில விநாடியாவது தாங்கவேண்டும். அப்போது ஆடிய கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ என்ற கல்லூரி லீக்கின் அணிகளிடம் தாங்கவில்லை. 2003-இல் முதல் 6 தோல்வியோடு அவர் நீக்கம். கடைசியில் கடற்படை அகாடமி அணியான நேவியிடம் 34–6 எனத் தோல்வி. ஆப்ஷனுக்குத் திரும்பியிருந்த நேவிக்கு அந்த ஆண்டு 8 வெற்றி.