போன பயம் ஏன் திரும்பி வருது? விலங்குப் பழக்கம்: கேள்வி பதில்

காரைக்குடி ஆச்சி: எங்க நாய் குட்டியா இருந்தப்போ இரும்புக் கேட்டுல வால் நசுங்கிடுச்சு. அதுலேர்ந்து கொண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்கும். தேவகோட்டையில தங்கச்சி வீட்ல ரெண்டு மாசம் விட்டிருந்தோம். அங்கயும் இரும்புக் கேட்டுதான், ஆனா பயம் சுத்தமா போயிடுச்சு. நேத்து கூட்டிட்டு வந்தா, கொண்டி விழுந்ததும் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிச்சு. ரெண்டு மாசமும் வீணா?

பதில்: வீணில்லை ஆச்சி. அதைத் திட்டிடாதீங்க, அது பிடிவாதம் பண்ணலை. தேவகோட்டையில பழைய பாடம் அழியலை. அதுக்கு மேல 'இந்தச் சத்தத்தால ஒண்ணும் ஆகாது'ன்னு இன்னொரு பாடம் படிச்சிருக்கு. பயந்த பாடம் எந்த ஊருக்கும் கூடவே வரும். பயம் தெளிஞ்ச பாடம் படிச்ச இடத்தோட ஒட்டிக்கும்.

1979-ல பௌட்டன், போல்ஸ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் எலிகள்ட்ட இதைக் காட்டினாங்க. ஒரு கூண்டுல ஒரு சமிக்ஞை கொடுத்து, கூடவே மின்னதிர்ச்சி. அப்புறம் வேற கூண்டுல சமிக்ஞை மட்டும், பயம் அடங்குற வரைக்கும். பழைய கூண்டுக்குக் கொண்டுபோனதும் பயம் திரும்பிடுச்சு. உங்க நாய்க்கு அந்தப் பழைய கூண்டு உங்க முகப்புதான்: காலுக்கடியில ஆத்தங்குடிக் கல்லோட குளிர்ச்சி, திண்ணைத் தூண், வளவுல காயுற வத்தல் வாசனை எல்லாம் சேர்ந்தது.

கானாடுகாத்தான் தம்பி: அப்போ ரெண்டுமில்லாத மூணாவது ஊருக்குப் போனா?

பதில்: அங்கயும் வரலாம் தம்பி. பொதுவா பழைய இடத்துல வர்ற அளவுக்கு இருக்காது.

பள்ளத்தூர் அண்ணன்: எங்க மாடு இடமே மாறலை. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பயப்படுதே?

பதில்: நாள் கடந்தாலே வரும் அண்ணே. சாப்பாடு வருதுன்னு காட்டுற சமிக்ஞைக்கு எச்சில் ஊறப் பழகி, சாப்பாடு வராததால அது நின்னுபோன நாய்களுக்கு, கொஞ்சம் ஓய்வுக்கு அப்புறம் தானா மறுபடி ஊறுனதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே பார்த்திருக்கார். காலம் கடக்குறதும் ஒரு இடமாற்றம்தான்னு பௌட்டன் சொல்றார். எனக்கும் அதுதான் சரின்னு படுது.

காரைக்குடி ஆச்சி: இப்ப நான் என்ன செய்யணும்?

பதில்: பயந்த இடத்துலயே பழக்குங்க ஆச்சி. முதல்ல கொண்டியில துணியைச் சுத்தி, சத்தம் குறைச்சு, நாயைத் தள்ளி நிறுத்தி ஒரு துண்டுக் கறி கொடுங்க. அப்புறம் பின்கட்டு வாசல், பக்கத்து வீடு, காலை, ராத்திரின்னு மாத்தி மாத்திச் செய்யுங்க. இன்னொண்ணு, ஊசி போடுறதை முகப்புல வச்சுக்காதீங்க. சமிக்ஞையே இல்லாம வலி மட்டும் வந்தாலும் அடங்கின பயம் எழும்பும்னு 1975-லயே ரெஸ்கோர்லா, ஹெத்ங்கிற ஆய்வாளர்கள் காட்டிட்டாங்க. டாக்டரைக் கொல்லைப் பக்கமா வரச் சொல்லுங்க.