பழைய தெருவுக்கு யார் காவல்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் என் மகன் நூறாண்டு கடந்த வீடொன்றை வாங்கியிருக்கிறான். அந்தத் தெருவே வரலாற்றுக் குடியிருப்புப் பகுதியாம். வாசல் பக்கத்து மர ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டுமாம். சொந்த வீட்டுக்கு இப்படியும் கட்டுப்பாடு உண்டா? கீழக்கரையில் உள்ள எங்கள் பழைய வீடுகளுக்கு இத்தகைய பாதுகாப்பு கிடைக்குமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: உண்டு, ஆனால் அது வாஷிங்டன் விதித்த கட்டுப்பாடு அன்று, அந்த ஊர் நகர மன்றம் விதித்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை வரலாற்று இடங்களுக்கென ஒரு பதிவேட்டைப் பராமரிக்கிறது. பொதுவாக 50 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களையும், தனித்தனியே பார்த்தால் எளியவையாயினும் ஒன்றாக நின்று ஒரு காலத்தைக் காட்டும் வீடுகள் கொண்ட தெருக்களையும் அதில் சேர்ப்பார்கள். வீட்டு உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் மறுத்தால் அந்தத் தெருவைச் சேர்க்க இயலாது. சேர்த்த பின்னரும், சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றுபவரையோ இடிப்பவரையோ அந்தப் பதிவேடு மட்டும் தடுத்துவிடாது.

தடுப்பது உள்ளூர் விதிதான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இலேயே இதற்கு வழிகாட்டியது. பெரும்பாலான ஊர்களில் தெருவிலிருந்து தெரியும் முகப்பு, கூரை, ஜன்னல் ஆகியவற்றை மாற்றுவதற்கு மட்டுமே ஊரின் மரபுப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சமையலறையை மாற்றிக் கட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். புதுப்பிக்கும் செலவில் 20 சதவீத மத்திய வரிச்சலுகை உண்டென்று உங்கள் மகனிடம் யாரேனும் சொல்லியிருக்கலாம். அது வாடகை, வணிகம் என வருவாய் தரும் கட்டடங்களுக்கே உரியது. தாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்காது.

இந்தியானா மாநிலத்தின் மேடிசன் நகரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கடல் வணிகத்தால் செழித்த கீழக்கரைதான் நினைவுக்கு வரும். ஒஹையோ ஆற்றின் நீராவிப் படகு வணிகத்தால் செழித்த ஊர் அது. இரயில் பாதைகள் வணிகத்தை வேறு நகரங்களுக்குக் கொண்டுசென்றபின் இடித்துக் கட்டப் பணமில்லாமல் அதன் பழைய வீடுகள் அப்படியே நின்றுவிட்டன. 2006-இல் அந்நகரின் பழைய பகுதி தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

நம் மாநிலத்திலும் 2012-இல் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் கோயில், கோட்டைகளுக்குக் கிடைக்கும் கவனம் மக்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். நம் கடற்கரையின் பழைய சுவர்கள் பலவும் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அத்தகைய சுவரை இடித்தால் அதே கல்லை வெட்டியெடுத்து மீண்டும் எழுப்ப வழியே இல்லை.

ஆகவே சட்டத்துக்குக் காத்திராமல் முதலில் சுவரைக் கவனியுங்கள். அதன்மேல் சிமெண்ட் பூசினால், கல்லுக்குள் இருக்கும் உப்பும் ஈரமும் வெளியேற வழியின்றிச் சில ஆண்டுகளில் பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழும். விழும்போது கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டே விழும். சுண்ணாம்புச் சாந்தே பூசச் சொல்லுங்கள். உங்கள் மகனின் வீடு பழைய செங்கல் வீடாக இருந்தால் அவருக்கும் இதையே எழுதுங்கள். மென்மையான பழைய செங்கல்லின் இடுக்குகளில் கடினமான சிமெண்டை அடைக்க வேண்டாம் என்றுதான் அந்நாட்டுப் பூங்காத் துறையும் அறிவுறுத்துகிறது.