எள்ளுப் புழுவும் செங்குரங்கும்: கேள்வி பதில்

கேள்வி (சாவகச்சேரி): எள்ளுச் செடியில, வாலில கொம்போட விரல் மொத்தத்தில ஒரு புழு. கொட்டுமோ? என்ன மருந்து அடிக்கிறது, சேர்?

பதில்: கொட்டாது. கொம்பு மெதுமையானது, நஞ்சும் இல்லை. இது மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு. பச்சை, மஞ்சள், மண்ணிறம் என எதிலும் வரும், 10 சென்ரிமீற்றர் வரை வளரும். தாய்ப்பூச்சி இலைகளில் முட்டையை ஒவ்வொன்றாக இடுவதால் புழுக்கள் சிதறியே கிடக்கும். மருந்து வேண்டாம், எள்ளுப் பூவுக்கு வருகிற தேனீக்களும் சாகும். நுனி மொட்டையான செடியையும், அடியில் பெரிய எச்ச உருண்டைகளையும் பார்த்துப் புழுவைக் கையால் பொறுக்குங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். அறுவடை முடிந்ததும் ஒரு சாண் ஆழம் கொத்திப் பிரட்டினால் அவை வெளியே வரும். வெயிலும் பறவைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (கோப்பாய்): இந்தப் பூச்சிதானோ தேன்பெட்டிக்குள்ள பூருறது?

பதில்: ஓம். குட்டையான தடித்த உறிஞ்சியால் தேனடையைத் துளைத்துக் குடிக்கும். பிடித்தால் கீச்சிடும். பெட்டி வாசலின் உயரத்தை 8 மில்லிமீற்றருக்குக் குறையுங்கள். தேனீ போய்வரும், இதன் உடம்பு நுழையாது.

கேள்வி (கொடிகாமம்): புழுவைக் கொல்லச் சொல்லுறியள். வவுனியாக் காணியில குரங்கைச் சுடக்கூடாது எண்டுறியள். ரெண்டும் பயிரைத்தானே தின்னுது?

பதில்: தின்பது ஒன்றுதான், பெருகுகிற வேகம் ஒன்றல்ல. அந்துப்பூச்சி சில மாதங்களில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். நீங்கள் வயலில் பொறுக்கியதை அடுத்த தலைமுறை ஈடுசெய்யும், இனத்துக்கு ஒரு குறையும் வராது. செங்குரங்கில் பெண் முதற்குட்டி போட ஏறத்தாழ ஐந்து வயதாகும். கர்ப்பம் ஐந்தரை மாதமளவு, ஒரு தடவைக்கு ஒரே குட்டி, அது பால்குடி மறக்க மாதக்கணக்காகும். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே நிற்கும். அதனால் இறந்த ஆணின் இடத்துக்கு வெளியிலிருந்து இன்னொன்று வரும். ஒரு தாயைச் சுட்டால் அவளுடைய பால்குடிக் குட்டியும் போகும், அவளுக்குப் பிறக்க இருந்தவையும் போகும். அந்த இழப்பு நிரம்ப வருடங்கள் எடுக்கும்.

கேள்வி (நல்லூர்): செங்குரங்கு கூட்டம் கூட்டமா வருகுதே, அதை எப்பிடி அருகிவரும் இனம் எண்டுறது?

பதில்: உலகில் இலங்கையில் மட்டுமே உள்ள குரங்கு இது, உயிரினங்களின் அழிவு ஆபத்தைக் காட்டும் பன்னாட்டுச் செம்பட்டியலில் அருகிவரும் இனம். காடு வெட்டுப்பட்டு, சாப்பாடு தோட்டத்திலும் குப்பையிலும் கிடைக்கிற இடத்தில்தான் கூட்டம் சேரும். அங்கே கண்டதை வைத்து முழுத் தீவையும் கணக்கிடக் கூடாது. 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது பலர் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்று கவனியுங்கள்: கறுத்த முகமும் சாம்பல் உடலுமாய் நிற்பது சாம்பல் மந்தி, வேறு இனம். செங்குரங்குக்கு உச்சியில் மயிர் தொப்பிபோல் விரிந்திருக்கும், கன்னத்தில் தீன் பையும் உண்டு.

கேள்வி (கொடிகாமம், திரும்பவும்): பிடிச்சு வேற காட்டில விட்டா?

பதில்: அந்தக் காட்டில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும். சண்டை வரும், தோற்றவை பக்கத்துத் தோட்டத்துக்கு இறங்கும். உங்கள் தொல்லை இன்னொருவர் தலையில் விழும். முதலில் குப்பையை மூடுங்கள், தீன் போடுகிறவர்களை நிறுத்தச் சொல்லுங்கள், கூரைக்கு மேல் நீளும் கொப்புகளை மட்டும் வெட்டுங்கள். பழம் முற்றும் நாட்களில் காலையிலிருந்தே காவல் நில்லுங்கள். ஒரு தடவை வயிறு நிறைந்தால் மறுநாளும் வரும்.